மூங்கில் குழாயில் ஐம்பது சதம்

நிவாரணம் என்ற சொல்லை எமது பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அட்டை, வரிசை, பெயர்ப் பட்டியல், கையொப்பம், புகைப்படம் என்று அது எப்படியெல்லாம் வந்து சேரும் என்பதை யுத்த காலத்திலும் அதற்குப் பின்னரும் அனுபவித்தவர்கள் அவர்கள். முகத்தைப் பார்க்காமலே பொருளைத் தந்துவிட்டுப் போனவர்களும் உண்டு, தந்ததைப் பத்துப் பேர் முன்னிலையில் சொல்லிக் காட்டியவர்களும் உண்டு. கொடுப்பதற்கென்றே ஒரு முறையைப் பழகிக்கொண்டவர்களைப் பற்றி இம்முறை எழுதத் தோன்றியது அதனாற்றான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், சில நாட்களுக்குள்ளேயே அம்பாந்தோட்டைக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டுத் தொண்டர்களில் தாய்வான் நாட்டின் 'ட்ஸு சி' என்ற பௌத்த அமைப்பினரும் இருந்தனர். நீல மேற்சட்டை, வெள்ளைக் காற்சட்டை அவர்களது சீருடை. இலவச வைத்திய முகாம், கூடாரங்கள் என்று தொடங்கி, பின்னர் அங்கு 649 வீடுகளைக் கொண்ட குடியிருப்பு ஒன்றையும் அமைத்துக் கொடுத்தனர். அம்பாந்தோட்டை, சிங்களவரோடு முஸ்லிம்களும் மலாயரும் வாழும் இடம். வந்தவர்கள் பேசியதோ சீன மொழி. இவ்வாறான இடங்களில் வாய்மொழி உதவாதபோது, கை அசைவுகளால் பாடல்களுக்கு அபிநயம் பிடித்து மக்களையும் கூடச் செய்ய வைப்பது அந்தத் தொண்டர்களின் வழக்கம். விமானச் சீட்டுக்கான பணத்தையும் தொண்டர்கள் தமது சொந்தப் பையிலிருந்தே செலுத்துகிறார்கள். குளிரூட்டிய வாகனங்களைக் கண்டு பழகிய எமக்கு இது சற்று வியப்பான விடயந்தான்.

இவர்களிடம் நாம் கவனிக்க வேண்டியது பொருளைக் கையளிக்கும் விதம். இரு கைகளாலும் பிடித்து, இடுப்பு வளையக் குனிந்து கொடுக்கிறார்கள். கொடுத்தவரே நன்றியும் சொல்கிறார். கொடுக்கும் வாய்ப்பை வாங்குபவர் தனக்குத் தந்திருக்கிறார் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

இரு கைகளால் கொடுப்பது அந்த அமைப்பு புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. தாய்வானில் ஒரு பெயரட்டையை நீட்டுவதானாலும், பெரியவர்களுக்குத் தேநீர்க் கோப்பையைக் கொடுப்பதானாலும், பரிசு ஒன்றை வாங்குவதானாலும் இரண்டு கைகளும் சேர வேண்டும். எமக்கு வலது கை, இடது கை என்பதுதான் பிரச்சினை. அவர்களுக்கோ ஒற்றைக் கையால் நீட்டுவதே அரைமனதாகத் தோன்றும். ஆனாலும் கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது வலக்கையின் கீழ் இடக்கையைத் தாங்கலாக வைக்கிறோமே, அந்த மரியாதைதான் இதுவும். இதெல்லாம் வெறும் நாடகம் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும். குனிந்து கொடுப்பவர் வாங்குபவரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எமது வரிசைகளில் நடவாதது அதுதான்.

சீனப் புத்தாண்டுக்கு அங்கு பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சிவப்பு நிறக் கடித உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். எமது சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேடத்தைப் போன்றதுதான். 4 என்ற எண் வரும் தொகையை மட்டும் வைக்க மாட்டார்கள். அவர்களது மொழியில் அதன் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லைப் போன்றிருப்பதே காரணம். ட்ஸு சி அமைப்பினரும் ஆண்டு முடிவில் இவ்வாறு உறை வழங்குகின்றனர். உள்ளே இருப்பது ஒரு நாணயமும் சில தானிய மணிகளும். கடைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் வாங்க முடியாது, ஆனால் அதைப் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள்.

இந்த அமைப்பு தொடங்கியது 1966இல், தாய்வானின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியனில். மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய, அன்று மிகவும் வறிய பிரதேசம் அது. தொடக்கியவர் செங் யென் என்ற பிக்குணி. 1937இல் பிறந்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. அவரும் உடனிருந்த பிக்குணிகளும் பிச்சையோ தானமோ ஏற்காமல் தமது உழைப்பிலேயே வாழ்ந்தனர். நாளுக்கு ஆளுக்கொரு சோடி குழந்தைச் சப்பாத்து மேலதிகமாகத் தைத்து, சோடி 4 டொலருக்கு விற்று, அந்தப் பணத்தை ஏழைகளுக்கென ஒதுக்கினர். அத்துடன் 30 இல்லத்தரசிகளுக்கு ஆளுக்கொரு மூங்கில் குழாயைக் கொடுத்து, சந்தைக்குப் போகும் முன் தினமும் 50 சதம் அதில் போடும்படி கேட்டுக்கொண்டார். மாத முடிவில் 15 டொலராகவே தந்துவிடலாமே என்ற கேள்வி எழுந்தது. தினமும் போட்டால் தினமும் ஒருவரை நினைப்பீர்கள் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். அந்தப் பெண்கள் மரக்கறி வாங்கும் இடத்தில் இதைப் பேசப் பேச, பேச்சு சந்தையெங்கும் பரவியது. 1986இல் ஹுவாலியனில் ஒரு பெரிய வைத்தியசாலையும், 1989இல் ஒரு தாதியர் கல்லூரியும் எழுந்தன.

2008இல் நர்கிஸ் சூறாவளி மியன்மாரின் வயல்களை அழித்தபோது இவர்கள் விவசாயிகளுக்கு விதைநெல் கொடுத்தனர். மூங்கில் உண்டியலின் கதையைக் கேட்ட அந்த விவசாயக் குடும்பங்கள், காசு இல்லாததால், சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துத் தம்மிலும் வறியவருக்குக் கொடுக்கத் தொடங்கின.

வன்னிக் கிராமமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையை நான் சொன்னேன். கணவரை இழந்தவர்களும், காணாமற்போன பிள்ளைகளைத் தேடுபவர்களுமாக இருபது பேரளவில் இருந்தனர். ஓர் இளம் தாய் உடனே கேட்டார்: "மிஸ், எங்களுக்கே ஆரும் தந்தாத்தான் அடுப்பெரியும். நாங்கள் ஆருக்குக் குடுக்கிறது?" நியாயமான கேள்வி. வறியவர்களிடமே கொடுக்கச் சொல்வது பெரிய பொறுப்புகளிலிருந்து அரசையும் மற்றவர்களையும் தப்பவிடும் வழியாகவும் ஆகிவிடலாம். நட்டஈடும் காணியும் உண்மையும் உண்டியலில் சேர்ப்பவை அல்ல.

அதற்கு ஓர் அம்மா சொன்னார்: "பிள்ளை, இது எங்களுக்குப் புதுசில்லை. என்ர அம்மா உலையில அரிசி போட முன்னம் ஒரு பிடி எடுத்து முட்டியில போடுவா. கோயில் கஞ்சிக்கும் அதுதான், செத்தவீட்டுக்கும் அதுதான். இடம்பெயர்ந்த அண்டைக்கு முட்டியும் போட்டுது."

பிடியரிசி! அங்கிருந்த வயதானவர்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் 'பயனாளி' என்ற பெயரோடு மட்டுமே படிவங்களில் இருந்தவர்கள், தம் தாய்மார் கொடுத்த வீடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு வளர்ந்து, சங்கத்துக்கென ஒரு முட்டி வைப்போம் என்பதில் வந்து நின்றது. ஆனால் நுண்கடன் கம்பனிகளின் வாராந்தத் தவணையாலும் குழுப் பிணையாலும் பட்ட அவமானம் அவர்களுக்கு மறக்கவில்லை. ஆகவே கொப்பியில் பெயர் எழுதுவதில்லை, யார் போட்டார் யார் போடவில்லை என்று பார்ப்பதில்லை, இல்லாத நாளில் போடத் தேவையில்லை என்று அவர்களே தீர்மானித்தனர். முதல் அரிசி, பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு என்பதும் முடிவாயிற்று.

முட்டியை யாருடைய வீட்டில் வைப்பது என்பதில்தான் இழுபறி. பாடசாலைக்குப் பக்கத்து வீடு எல்லோருக்கும் கிட்ட என்றார்கள் சிலர். அங்கே எலி கூட என்றார்கள் மற்றவர்கள்.