ஒன்பது கட்டங்களில் எத்தனை கோலங்கள்?

மார்கழியில் தருமபுரிப் பக்கம் வாசலில் இட்ட கோலத்தை எதிரே நின்றும் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். கோலம் ஒன்றே, தோற்றம் வேறு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் சிரோமணி தம்பதியர் 1970-களில் கோலங்களின் கணித இலக்கணத்தை ஆராய்ந்தனர். நாம் வெறுமனே எண்ணிப் பார்ப்போம்.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெண்மாவு அல்லது காவி. மொத்தம் 512 வகைகள். திருப்பினால் ஒத்துப்போவனவற்றை ஒன்றெனக் கொண்டால் எத்தனை? நான்கால் வகுத்து 128 என்பர் மாணவர் பலர். தவறு. முழுதும் காவியான கோலத்தை எப்படித் திருப்பினாலும் ஒரே நிலைதானே!

ஆகவே, திருப்பியும் மாறாதவற்றை எண்ணுவோம். கால் சுற்றில் மாறாதிருக்க மூலைகள் நான்கும் ஒரே நிறம், பக்க நடுக்கட்டங்கள் நான்கும் ஒரே நிறம், மையம் விருப்பம்போல்: 2×2×2 = 8. முக்கால் சுற்றுக்கும் 8. அரைச் சுற்றில் எதிரெதிர்க் கட்டங்கள் ஒத்தால் போதும். நான்கு இணைகளும் மையமும் சேர்ந்து 32. திருப்பாவிட்டால் 512. கூட்டினால் 560.

இக்கூட்டலில் நான்கு நிலைகளுள்ள கோலத்தின் ஒவ்வொரு நிலையும் ஒரு முறையும், இரு நிலைகளுள்ளதன் ஒவ்வொன்றும் இரு முறையும், ஒரே நிலையுள்ளது நான்கு முறையும் எண்ணப்படுகின்றன. எப்படியும் கோலத்துக்கு நான்கு! எனவே 560/4 = 140.

இவ்விதி பர்ன்சைடு பெயரால் வழங்குகிறது. அவர் நூல் வெளிவந்தது 1897-இல். ஃப்ரோபீனியஸ் 1887-லேயே இதைக் கூறிவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிப் பிம்பங்களையும் ஒன்றெனக் கொண்டால் 102 வரும். போட்டுப் பாருங்கள்.