குப்பையும் காசாகும், கணக்குச் சரியாக இருந்தால்!

சென்ற மாதம் ஒரு மாலை, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு விளம்பரத்தாள்.

"வாத்தியாரே, பழம் உதிர்ந்த வெறுங்குலையிலேருந்து ரசாயனம் எடுக்கப் போறாங்களாம். பங்கு போட்டா ரெண்டே வருசத்துல பணம் இரட்டிப்பாகுமாம். என் சேமநிதிக் காசைப் போடலாமா?" என்றார்.

"உட்காருங்கண்ணே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

தாவரக் கழிவிலிருந்து ரசாயனம் எடுப்பது கட்டுக்கதையன்று. அமெரிக்காவில் சீடார் ராப்பிட்ஸ் நகரில், குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922-ஆம் ஆண்டிலேயே ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபுரால் என்னும் திரவத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. உமியை நீர் கலந்த கந்தக அமிலத்துடன் நீராவியில் வேகவைத்தால், அதிலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருள் ஃபர்ஃபுராலாக மாறி ஆவியோடு வெளிவரும். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கவும் பிசின்கள் செய்யவும் அது பயன்படுகிறது.

அங்கே லாபம் வந்தது எப்படி? உணவுக்காக ஓட்ஸ் உடைக்கும் ஆலையிலேயே உமி காய்ந்த நிலையில் மலையாகக் குவிந்திருந்தது. ஊர் ஊராகத் தேடிச் சேர்க்கும் செலவில்லை. ஆயினும் அந்த வெற்றிக்கும் எல்லை உண்டு. ஒரு காலத்தில் நைலான் செய்யவும் ஃபர்ஃபுரால் பயன்பட்டது. பெட்ரோலிய வழி மலிவானதும் நைலான் தொழில் அதைக் கைவிட்டுவிட்டது.

இனி நமது செம்பனைக்கு வருவோம். ஆலைக்குப் போகும் 1,000 கிலோ பழக்குலையில் ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய். வெறுங்குலை சுமார் 220 கிலோ. அதுவும் ஆலையிலேயே குவிகிறது. அந்த மட்டில் நல்லதே. ஆனால் 220 கிலோவில் ஏறக்குறைய 140 கிலோ வெறும் நீர்! மிஞ்சும் உலர்பொருள் 80 கிலோதான். உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஃபர்ஃபுரால் கிடைத்தாலே இத்தொழிலில் நல்ல விளைவு. ஆக, 8 கிலோ.

அந்த 8 கிலோவின் விலைக்குள் எரிபொருள், அமிலம், இயந்திரம், சம்பளம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். வெறுங்குலையும் இலவசமன்று. மரத்தடியில் பரப்பினால் அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். பொட்டாசியச் சத்தைத் தரும். ஆலைக்கு எடுத்துக்கொண்டால், அந்த உரத்தைத் தோட்டம் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இத்தொழிலே பொய் என்று நான் சொல்லவில்லை. சீனாவில் மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கையிலிருந்து இன்றும் ஃபர்ஃபுரால் பெருமளவில் தயாராகிறது. ஆய்வுக்கூடத்தில் முடிவது வேறு; சந்தையில் கட்டுப்படியாவது வேறு.

ஆகவே, பணம் கேட்டு வருவோரிடம் நான்கே கேள்விகள் கேளுங்கள். மூலப்பொருளை எந்த ஆலை, எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்குத் தர எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளது? ஒரு டன்னில் எவ்வளவு சரக்கு கிடைக்கும்? வாங்குபவர் யார்? பெட்ரோலிய விலை இறங்கினால் என்ன செய்வீர்கள்?

அண்ணன் இக்கேள்விகளைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மறுவாரம் வந்தவர் சிரித்தார். "முதல் கேள்விக்கே பதிலில்லை வாத்தியாரே!"

முப்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பு அன்றிரவும் பத்திரமாக இருந்தது.