அடைபட்ட கால் நாடிகளும் ஊசித்துளைச் சிகிச்சையின் பயன்களும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே நடை என்பது பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமுமேயாம். லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்திற்கும் நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிலாளருக்குக் கால்களே முதல். ஏற்றத்திற் சிறிது தூரம் சென்றதும் கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு உண்டாகிறது. சற்று நின்றால் மறைகிறது. மீண்டும் ஏறினால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே பிடிப்பு. இதனை வாயுவென்றும் குளிரென்றும் கருதித் தைலம் தடவிக் காலங்கழிப்பவர் பலர். மருத்துவ நூலார் இதனை இடைவிட்ட நொண்டல் என்பர். இதயத்திலிருந்து குருதியைக் காலுக்குக் கொண்டு செல்லும் நாடியின் உட்சுவரிற் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகுவதே இதன் காரணமாகும். இளைப்பாறும் தசைக்குப் போதுமான குருதி, உழைக்கும் தசைக்குப் போதாது. நோவு அதனால் எழுகிறது.

பிரெஞ்சு வைத்தியர் பொன்டேன் 1954இல் இந்நோயை நான்கு படிகளாக வகுத்தார். குறியின்றிக் குறுகியிருப்பது முதற்படி. நடக்கும்போது நோதல் இரண்டாவது. படுத்திருக்கும்போதும் நோதல் மூன்றாவது. ஆறாப் புண்ணும் அழுகலும் நான்காவது. நீரிழிவுடையோரிடத்து இவ்வொழுங்கு பிறழ்வதுண்டு. நரம்புகள் உணர்விழந்திருப்பதால் நோவு என்னும் எச்சரிக்கையின்றியே கால்விரல் கறுத்துவிடும். கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளோரிடையே நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 3.6 பேரிடம் இந்நோயைக் கண்டது. இதனின் வேறானதொரு நோயும் தென்னாசியாவில் உண்டு. 1908இல் லியோ பேகர் விரித்துரைத்த அந்நோய், புகைபிடிக்கும் இளைஞரின் சிறு நாடிகளை அழற்சியால் அடைக்கும். பீடியையும் சுருட்டையும் அறவே விடுவதைப் போல அதற்கு உதவும் மருந்து வேறில்லை. கருவிச் சிகிச்சை அங்கே அதிகம் பயன்படுவதில்லை.

பழைய நாளில் அழுகிய காலுக்கு வெட்டுதலே வழியாயிருந்தது. பின்னர் நோயாளியின் சொந்த நாளத்தை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை வந்தது. 1953இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசித்துளை வழியே நாடிக்குட் கம்பியும் குழலும் செலுத்தும் முறையை வெளியிட்டார். அதைப் படமெடுப்பதற்கென்றே பலர் பயன்படுத்தினர். ஐக்கிய அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் சாள்ஸ் டொட்டர் அவ்வழியே நோயையும் தீர்க்கலாமென எண்ணினார். 1964 சனவரியில், கால் அழுகியும் அதை வெட்டுவதற்கு இணங்க மறுத்த 82 வயது மூதாட்டியொருவரின் தொடை நாடியை அவர் படிப்படியாகப் பருத்த குழல்களால் விரித்தார். மூதாட்டி தம் கால்களாலேயே நடந்து வீடு சென்றார். சத்திரவைத்தியர் பலர் அந்நாளில் இதனை ஏளனஞ் செய்தனர் என்பதும் வரலாறு. 1974இல் சூரிச்சில் குருன்ற்சிக் என்பார் குழலின் நுனியிற் சிறு பலூனைப் பொருத்தி அதனை ஊதி நாடியை விரித்தார். அதன் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது. விரித்த வழி மீண்டும் சுருங்காதிருக்க உலோக வலைக்குழாய் வைப்பது அடுத்த படி.

பயன் யாது என்பதே இனிக் காணவேண்டுவது. ‘அடைப்பு நீங்கியது’ என்னும் சொல் படத்தை மட்டும் பற்றியது. கால் பிழைத்ததா, நோயாளி நடக்கின்றாரா, எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பன வேறு வினாக்கள். விடை இடத்திற்கிடம் வேறுபடும். இடுப்பிலுள்ள பெரிய நாடியில் வைத்த வலைக்குழாய் பெரும்பாலும் பல்லாண்டு திறந்திருக்கும். தொடையில் நிலைமை அத்துணை நன்றன்று. 2006இல் வெளியான வியன்னா ஆய்வில், பலூனால் மட்டும் விரிக்கப்பெற்றோருள் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 63 பேருக்கும், வலைக்குழாய் பெற்றோருள் 37 பேருக்கும் வழி மீண்டும் குறுகியது. மருந்து பூசிய பலூன்கள் இதனை மேலும் குறைத்தன. அம்மருந்து மரணத்தைப் பெருக்குகிறதென்று 2018இல் எழுந்த ஐயத்தை, 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சான்றுகள் ஆதரிக்கவில்லையென அறிவித்தது.

காலையே இழக்கும் நிலையிலுள்ளோருக்கு எது சிறந்தது? இரு பேராய்வுகள் எதிரெதிரான விடை தந்தன. 2022இல் வெளியான பெஸ்ற்-சி.எல்.ஐ. ஆய்வில், நல்ல நாளம் உடையோருள், சத்திரசிகிச்சை பெற்றவரில் நூற்றுக்கு 42.6 பேருக்கும், ஊசித்துளைச் சிகிச்சை பெற்றவரில் 57.4 பேருக்கும் காலுக்குப் பெருங்கேடோ மரணமோ நேர்ந்தது. நல்ல நாளம் இல்லாதாரிடையே வேறுபாடு தெளிவாகவில்லை. மறு ஆண்டு வெளியான பசில்-2 ஆய்வோ, முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட நாடிகளில் அடைப்புடைய 345 பேரை எடுத்தது. அங்கே காலிழப்போ மரணமோ சத்திரசிகிச்சையினருள் 63 விழுக்காடு. ஊசித்துளையினருள் 53 விழுக்காடு. இவ்வேறுபாடு பெரும்பாலும் மரணங்களால் வந்தது. இவற்றை முரண் என்று தள்ளிவிடுவது பொருந்தாது. அடைப்பு எவ்விடத்தது, நாளம் எத்தகையது, இதயம் சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்பவற்றை முன்னரே அளந்தறிதல் வேண்டுமென்பதையே இரண்டும் காட்டுகின்றன. இரண்டிலும் மரணமும் காலிழப்பும் மிகுந்திருப்பதைக் கண்டால், நான்காம் படிக்கு முன்னரே நோயைப் பிடிப்பதன் அருமை புலனாகும்.

இரண்டாம் படியிலுள்ளோருக்குக் கருவி முதல் மருந்தன்று. 2012இல் வெளியான கிளெவர் ஆய்வில், இடுப்பு நாடி அடைப்புடையோர் ஆறு மாதத்தில் நடக்கக்கூடிய மிகுதியான நேரம், பயிற்சியினருக்கு 5.8 நிமிடமும் வலைக்குழாயினருக்கு 3.7 நிமிடமும் கூடியது. நாள் முழுதும் மலையேறும் தொழிலாளிக்குப் பயிற்சி எதற்கு என ஒருவர் வினவலாம். நோவு வரும்வரை நடந்து, நின்று, ஆறியபின் மீண்டும் நடப்பதே பயிற்சி. வாரம் மும்முறையாகப் பன்னிரண்டு வாரமேனும் அது தொடரவேண்டும். நிறுவைக்குக் கொழுந்து சேர்க்க ஓடுபவருக்கு நிற்கும் உரிமை ஏது? புகையிலையை விடுதலும், கொழுப்பைக் குறைக்கும் மருந்தும், குருதி உறையாமற் காக்கும் மருந்தும் எந்தப் படியிலும் இன்றியமையாதன. இந்நோயாளரிற் பலரைக் கொல்வது காலன்று, இதயமும் மூளையுமே.

பொகவந்தலாவையார்க்கு அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலை டிக்கோயாவிலுள்ளது. இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு எழுந்த கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பெற்றது. நாடிச் சத்திரவைத்தியரைக் காண நோர்வூட், ஹற்றன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியே கண்டிக்குச் செல்லவேண்டும். நாட்பட்ட அடைப்புக்கு இத்தூரம் ஒரு நாட் கூலி. திடீரென உறைகட்டி வந்தடைத்துக் கால் வெளுத்துக் குளிர்ந்துபோனவருக்கோ தசை பிழைக்க ஏறத்தாழ ஆறு மணி நேரமே உண்டு. தொமஸ் பொகாட்டி 1963இல் வெளியிட்ட பலூன் குழல் அக்கட்டியை இழுத்தெடுக்க வல்லது. ஆனால் நோயாளி அதனிடம் சென்று சேரவேண்டும்.

நோயை அறியும் கருவி மட்டும் எளியது. கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் குறைவாயின் நாடியில் அடைப்பு உண்டெனக் கொள்வர். நீரிழிவால் நாடி சுண்ணமேறி இறுகியவரிடத்து அவ்வெண் பொய்யாக உயரக்கூடும். அவர்க்குப் பெருவிரலில் அளத்தல் வேண்டும். அமுக்கப் பட்டியும் கையடக்கமான டொப்ளர்க் கருவியும் பயிற்சி பெற்ற ஒரு தாதியும் இருந்தால், தோட்டத்து மருந்தகத்திலேயே இது கால் மணி நேர வேலை.