வீட்டோடு ஓர் அறை சேர்க்குங்கால்

மகனுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டால் வீட்டில் ஓர் அறை கூடுதலாக வேண்டியிருக்கிறது. அறுவடைப் பணம் கையிலிருக்கும் மாதங்களில் நம்மிடம் வரும் குடியானவர் பலரும், "கான்கிரீட் போடலாமா, ஓடு போடலாமா?" என்றே கேட்கின்றனர். கூரையைப் பற்றிக் கேட்குமுன் சுவரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

10 அடிக்கு 12 அடி அறையின்மேல் 5 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் அமைத்தால், அதன் எடை மட்டும் ஏறக்குறைய மூன்றரை டன். சீமை ஓடும் அதைத் தாங்கும் மரமும் சேர்ந்து சுமார் கால் பங்குதான் வரும். செலவைக் குறைப்பதாக எண்ணித் தளத்தின் ஒரு முனையைப் பழைய மண்சுவரின்மேல் ஏற்றிவிடுவோர் உண்டு. இது பெருந்தவறு. அச்சுவர் ஓட்டைத் தாங்குவதற்கென எழுப்பப்பட்டது. கான்கிரீட்தான் வேண்டுமெனில், நான்கு புறமும் அதற்கெனத் தனிச் சுவரும் கடைகாலும் வேண்டும்.

பழைய சுவர் பல ஆண்டுகளாக அழுந்தி நிலைபெற்றுவிட்டது; புதியதோ இனிமேல்தான் அழுந்தும். இரண்டையும் பல்விட்டுப் பிணைத்தால் பிணைத்த இடத்திலேயே வெடிப்பு காணும். நம் வீட்டிலேயே இப்பிழையைச் செய்துவிட்டு, ஆண்டுதோறும் அவ்வெடிப்பைப் பூசிக்கொண்டிருக்கிறோம்! இடையே ஓர் அங்குலம் விட்டு, மழைநீர் இறங்காதவாறு மேலே தகட்டால் மூடுவதே முறை. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குமாதலால், அங்கே கடைகாலின் ஆழத்தைப் பொறியாளரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

ஓட்டுக்கூரையின் சிக்கல் வேறு. இரண்டடி நீளத்திற்கு ஓரடியாவது வாட்டம் இல்லையேல் ஓடு ஒழுகும். பழைய இறவாணம் 8 அடி உயரத்தில் இருக்க, அங்கிருந்து 10 அடி அகலத்திற்குச் சார்பு இறக்கினால் மறுமுனை 3 அடிக்கு வந்துவிடும், ஆடுமாடுதான் நுழையலாம். ஆகவே சார்பு, நாலடித் தாழ்வாரத்திற்கே பொருந்தும். அறை அகலமாயின், தனி முகடு வைத்து இரு புறமும் நீர் வடியச் செய்க.

தகரத்தை ஏளனம் செய்வதற்கில்லை. வெயிலில் சுடும், ஆனால் செலவும் பாரமும் குறைவு. 2018 நவம்பர் 16இல் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. அத்தகைய காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே தூக்கவே முனைகிறது. தகட்டைச் சட்டத்தோடு முடுக்குவதோடு நில்லாமல், சட்டத்தைச் சுவரினுள் இறக்கிய கம்பியோடும் பிணைக்க வேண்டும். ஓரங்களில் ஆணிகள் நெருக்கமாக இருக்கட்டும். கல்நார்த் தகட்டை மட்டும் நாம் பரிந்துரைப்பதில்லை. அதை அறுக்கையிலும் துளையிடுகையிலும் பறக்கும் தூசு புற்றுநோய் விளைவிக்கும்.

நம்மைக் கேட்டால், பணம் போதாதவர் கடைகாலையும் சுவரையும் தளம் தாங்கும் வண்ணம் கட்டி, இப்போதைக்கு ஓடு வேய்ந்துகொள்ளலாம் என்போம். தளமே போடுவோர் முகூர்த்த நாளை எண்ணி முட்டுகளை அவசரமாக எடுத்துவிடலாகாது. மறுநாளே பாத்தி கட்டி நீர் நிறுத்தி, 14 நாள்வரை முட்டுகளைத் தொடாதிருங்கள். பந்தலை வாசலில் போட்டுக்கொள்ளலாம்.