மலக்குடல் புற்றுநோய்: வெட்டுவதா, காத்துப் பார்ப்பதா?

மலத்தோடு ரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் வருகிற சொல் ‘மூலம்’. “உடம்பு சூடு, மோர் குடி, சரியாப் போயிடும்” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். கூச்சம் வேறு. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் சிலருக்கு அது மலக்குடல் புற்றுநோயின் அறிகுறி. கட்டி தாழ இருந்தால் டாக்டர் விரலை விட்டுப் பார்த்தே சந்தேகப்பட்டுவிடலாம். அந்த ஒரு நிமிடப் பரிசோதனைக்கு வெட்கப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள், மலக்குடலைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள பகுதி. 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன், வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் திறந்து, ஆசனவாயோடு மலக்குடலை அப்படியே எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். உயிர் பிழைத்தது, ஆனால் வயிற்றில் துளையும் பையும் ஆயுளுக்கும் நிலைத்தன. 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் ஹீல்ட் என்பவர், குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று காட்டினார். பெரிய ஆபரேஷனுக்கு இன்றும் அடிப்படை அதுவே. கட்டி சற்று உயரத்தில் இருந்தால் குடலை இணைத்துப் பையைத் தவிர்க்கலாம். ஆனாலும் பலருக்கு ஒரு நாளைக்குப் பல முறை ஓட்டம், அடக்க முடியாத அவசரம், சிறுநீர், தாம்பத்தியம் சார்ந்த தொல்லைகள் வரலாம். ஆபரேஷனுக்கு முன்பு இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

சிறிய கட்டிக்கு ஏன் இவ்வளவு பெரிய வெட்டு? காரணம், பக்கத்து நிணநீர் முடிச்சுகள். கட்டி குடல் சுவரின் மேலடுக்கை மட்டும் தொட்டிருந்தால் அங்கே நோய் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று அளவில்தான். தசை அடுக்கில் இறங்கிவிட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. எனவே மிக ஆரம்பநிலைக் கட்டியை ஆசனவாய் வழியாகவே கருவி செலுத்தி எடுத்துவிடலாம். ஜெர்மனியில் கெர்ஹார்ட் பூயெஸ் 1980-களில் இதற்கென்றே கருவி செய்தார். எடுத்த பிறகு மைக்ராஸ்கோப்பில் ஆழம் கூடுதலாகத் தெரிந்தால் பெரிய ஆபரேஷன் மறுபடி தேவைப்படும்.

இன்னும் துணிச்சலான வழி பிரேசிலிலிருந்து வந்தது. சாவோ பாவ்லோவில் ஆஞ்செலிடா ஹாப்ர்-காமா என்ற பெண் சர்ஜன், கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தபின் வெட்டியெடுத்த சில மலக்குடல்களில் புற்றே இல்லாததைக் கண்டார். இல்லாத நோய்க்கு எதற்கு வெட்டு? 2004-இல் அவர் வெளியிட்ட கணக்கில் 265 பேரில் 71 பேருக்குக் கட்டி மறைந்திருந்தது. அவர்களை வெட்டாமல் கண்காணித்தார். பலர் அவரை நம்பவில்லை. 2018-இல் பல நாடுகளிலிருந்து 880 பேரின் விவரம் தொகுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் நால்வரில் ஒருவருக்குக் கட்டி மறுபடி முளைத்திருந்தது. அப்படி முளைத்தவற்றில் 97 சதவீதம் குடல் சுவரிலேயே, அதாவது கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படும் இடத்தில்.

சமணக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வெட்டாத வழி என்றால் மனம் தானாகவே சாய்கிறது. அதனாலேயே அதன் மறுபக்கத்தைக் கூடுதலாகப் படித்தேன். கதிர்வீச்சும் இலவசமல்ல. அது குடலின் இயல்பைக் கொஞ்சம் கெடுக்கும். இளம்பெண்களின் கருப்பையையும் சினைப்பையையும் பாதிக்கும். எங்கள் கடைக்கணக்கில் சொன்னால் ஆபரேஷன் ரொக்கம், காத்துப் பார்ப்பது தவணை. முதல் இரண்டு ஆண்டு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, குழாய்வழிப் பார்வை, எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் சி.ஈ.ஏ. என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இடைவெளி கூடும். இரண்டு தவணை தவறினால் முதலே போய்விடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் சிக்கல். சிகிச்சை இங்கே, ஓய்வு ஊரில், பிள்ளைகள் மூன்றாவது நகரத்தில். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது நோயாளியை முதலிலும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரைக் கடைசியிலும் வைத்தார். இந்த முறையில் டாக்டரைவிட அந்த இருவருக்குத்தான் வேலை அதிகம். வந்துபோக முடியாதவர், கூட ஆள் இல்லாதவர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பதே என் பார்வையில் சரி. அதில் குறைவொன்றும் இல்லை.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்; கட்டியை அரைகுறையாக வெட்டிய பிறகு எடுக்கிற எம்.ஆர்.ஐ. தெளிவாகப் பேசாது. கட்டி எந்த அடுக்குவரை போயிருக்கிறது, ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், பை நிரந்தரமா தற்காலிகமா என்று கேளுங்கள். ‘எம்.எம்.ஆர்.’ பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். அதில் குறைபாடு உள்ளவர்கள் நூற்றில் சிலர்தான். ஆனால் 2022-இல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட முதல் 12 பேருக்கும் எதிர்ப்பாற்றல் மருந்தாலேயே கட்டி மறைந்தது. சர்ஜன் ஒருவரோடு நிறுத்தாமல் கதிர்வீச்சு டாக்டரையும் பாருங்கள். போகும்போது பயாப்ஸி ஸ்லைடு, மெழுகுக் கட்டி, எம்.ஆர்.ஐ. சி.டி. மூன்றையும் லேபில் கேட்டு வாங்கி ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.