ஊஞ்சல் இருந்த பள்ளிக்கூடம்

குழந்தைகளே... உங்கள் அட்லஸில் அமெரிக்கா படம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். மேற்குக் கரையோரம் லாஸ் ஏஞ்சலஸ் நகரைத் தேடுங்கள். கிடைத்ததா? அங்கிருந்து கரையோரமாகவே மேலே போனால் சான் பிரான்சிஸ்கோ. பக்கத்தில் நெவாடா மாநிலம். இன்னும் கிழக்கே போனால் கொலராடோ.

இவை எதுவும் ஆங்கிலப் பெயர் அல்ல. எல்லாம் ஸ்பானிஷ் மொழிச் சொற்கள்! லாஸ் ஏஞ்சலஸ் என்றால் தேவதைகள். சான் பிரான்சிஸ்கோ என்றால் புனித பிரான்சிஸ். நெவாடா என்றால் பனி மூடியது. கொலராடோ என்றால் செந்நிறமானது.

ஆங்கிலம் பேசும் நாட்டில் ஸ்பானிஷ் பெயர்கள் எப்படி வந்தன? 1846ம் ஆண்டு அமெரிக்காவுக்கும், மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. 1848ல் போர் முடிந்தபோது, கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு மெக்சிகோவின் கையை விட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கே குடியிருந்த மெக்சிகோ மக்கள் எங்கும் போகவில்லை. தூங்கி எழுந்தார்கள், நாடு மாறியிருந்தது, அவ்வளவுதான்!

அதன் பிறகு, மெக்சிகோவில் 1910ல் தொடங்கிய உள்நாட்டுப் போரால் பலர் எல்லை தாண்டி வந்தார்கள். போர்ட்டோ ரிகோ தீவு மக்களுக்கு 1917ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கியூபா நாட்டிலிருந்து 1959க்குப் பிறகு பெருங்கூட்டம் வந்தது. இப்படி ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்த எல்லாரையும் சேர்த்து, 'ஹிஸ்பானிக்' என்று அமெரிக்க அரசு குறிப்பிடுகிறது. 2020ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல். அதாவது, அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இனி, உங்கள் வயதுப் பெண் ஒருத்தியின் கதைக்கு வருவோம்.

அவள் பெயர் சில்வியா மெண்டஸ். 1936ல் கலிபோர்னியாவில் பிறந்தவள். அப்பா கொன்சாலோ, மெக்சிகோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே படிப்பை விட்டு வயல் வேலைக்குப் போனவர். அம்மா பெலிசிட்டாஸ், போர்ட்டோ ரிகோ தீவைச் சேர்ந்தவர்.

இரண்டாம் உலகப்போர் நேரம். அமெரிக்காவில் குடியிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை, எதிரி நாட்டின் ஆட்கள் என்று சந்தேகப்பட்டு, முகாம்களில் அடைத்தது அமெரிக்க அரசு. அப்படி அடைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் தோட்டம், வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து, சில்வியாவின் குடும்பம் அங்கே குடிபோனது.

புது ஊர் என்றால் புதுப் பள்ளி. சில்வியாவையும், அவள் தம்பிகளையும், தன் சொந்தப் பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு, அத்தை சோலேடாட் பள்ளியில் சேர்க்கப் போனார். அழகான கட்டடம். விளையாட்டுத் திடலில் ஊஞ்சல்! சில்வியாவுக்கு அதிலேதான் கண்.

பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அத்தையின் பிள்ளைகள் சிவந்த நிறம். குடும்பப் பெயரும் மெக்சிகோ பெயர் போலத் தோன்றவில்லை. அவர்களைச் சேர்த்துக் கொள்வார்களாம். சில்வியாவும், தம்பிகளும் மாநிறம். மெண்டஸ் என்ற பெயர் வேறு. அவர்கள் 'மெக்சிகன் பள்ளி'க்குத்தான் போக வேண்டுமாம்!

அத்தைக்கு வந்ததே கோபம்! 'அப்படியானால் என் பிள்ளைகளும் இங்கே வேண்டாம்' என்று எல்லாரையும் கூட்டிக் கொண்டு வீடு திரும்பி விட்டார். பல ஆண்டுகள் பள்ளிச் சேர்க்கையைக் கவனித்தவன் நான். ஒரே வீட்டுப் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்த இந்தக் கதையைப் படித்தபோது, எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த மெக்சிகன் பள்ளி, இரண்டே அறை கொண்ட சிறு கட்டடம். பக்கத்தில் மாடு மேயும் நிலம். சுற்றி மின்சார வேலி. ஊஞ்சல் கிடையாது.

கொன்சாலோ பள்ளி அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார், பலன் இல்லை. 1945ல், வேறு நான்கு தகப்பன்மாரைச் சேர்த்துக் கொண்டு, சுமார் 5 ஆயிரம் குழந்தைகள் சார்பில் வழக்குப் போட்டார். வக்கீல் டேவிட் மார்கஸ். தோட்டத்தில் சம்பாதித்த பணம் வழக்கில் கரைந்தது. கொன்சாலோ ஊர் ஊராய்ப் போய் ஆதரவு திரட்ட, தோட்டத்தைப் பார்த்துக் கொண்டவர் பெலிசிட்டாஸ். வழக்கை ஜெயித்ததில் அவருக்குத்தான் பாதிப் பங்கு என்பேன்.

'இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது; அதனால்தான் தனிப் பள்ளி' என்றது எதிர்த்தரப்பு. ஆனால், பிள்ளைகளை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவே இல்லை; சில இடங்களில் பெயரை வைத்தே முடிவு செய்தார்கள் என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சில்வியாவும் வந்து உட்கார்ந்து விசாரணையைக் கேட்பாள். பெரியவர்கள் பேசியது முழுக்கப் புரியாது. ஊஞ்சல் உள்ள பள்ளிக்காகத்தான் இந்தச் சண்டை என்று நினைத்துக் கொண்டிருந்தாள்!

நீதிபதி பால் மெக்கார்மிக், 1946 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியே பிரித்தது சட்ட விரோதம் என்றார். பள்ளி நிர்வாகங்கள் மேல்முறையீடு செய்தன. 1947 ஏப்ரலில் அங்கேயும் சில்வியா பக்கமே வெற்றி.

சேதி இத்தோடு முடியவில்லை. கலிபோர்னியாவில் அப்போது செவ்விந்தியர், சீனர், ஜப்பானியர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கச் சட்டமே இடம் தந்தது. அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவில், அதே 1947ல் கையெழுத்திட்டார் மாநில கவர்னர் ஏர்ல் வாரன். பிற்பாடு அவர் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனார். 1954ல், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பது நாடெங்கும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது அல்லவா, அதை வழங்கியவர் அவர்தான். அந்த வழக்கில் வாதாடிய கறுப்பின வக்கீல் தர்குட் மார்ஷல், சில்வியாவின் வழக்கிலும் ஆதரவு மனு தந்தவர்.

சரி, சில்வியா என்ன ஆனாள்? வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாளே ஒரு பையன், 'மெக்சிகோக்காரர்களுக்கு இங்கே இடமில்லை' என்று சீண்டினான். அழுது கொண்டே வீட்டுக்கு ஓடி, இனிப் போகமாட்டேன் என்றாள். இத்தனை நாள் நாம் எதற்காகப் போராடினோம் என்று அம்மா எடுத்துச் சொன்ன பிறகுதான், விஷயம் ஊஞ்சல் அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் பள்ளிக்குப் போனாள்.

வளர்ந்து நர்சாகப் பல்லாண்டு பணிபுரிந்தார். ஓய்வு பெற்றபின், அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, பள்ளி பள்ளியாய்ப் போய் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். 2007ல் இந்த வழக்கின் நினைவாக அமெரிக்கா தபால்தலை வெளியிட்டது. 2011ல் அதிபர் ஒபாமா, நாட்டின் உயரிய விருதான சுதந்திரப் பதக்கத்தை சில்வியாவின் கழுத்தில் அணிவித்தார். சில்வியா பிறந்த சாண்டா ஆனா ஊரில் இன்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையில் இருப்பவை, கொன்சாலோ, பெலிசிட்டாஸ் மெண்டஸ் என்ற பெயர்கள்.