கம்பெனி வேண்டாம், நாமே போடுவோம்! 'புரட்சி ஜாஸ்' மீண்டும் வினைலுக்கு வந்த கதை

மேலே கட்டுக்கடங்காமல் அலறும் சாக்ஸபோன். கீழே காலை ஆட்ட வைக்கும் டிரம்ஸ். 1960, 70களில் அமெரிக்கக் கருப்பினக் கலைஞர்கள் வாசித்த இசை இது. இதைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டது லண்டனைச் சேர்ந்த சோல் ஜாஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சுயாதீன இசை நிறுவனம். 'ஃப்ரீடம், ரிதம் அண்ட் சவுண்ட்' என்ற அந்தத் தொகுப்பு சிடியில் மட்டுமல்ல, வினைல் இசைத்தட்டாகவும் வந்தது.

அவான்ட்-கார்ட் ஜாஸ்னா என்ன?

வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும். அதன் கட்டமைப்புக்குள் நின்றுதான் கலைஞர்கள் கற்பனையாக வாசிப்பார்கள். அந்தக் கட்டையே அவிழ்த்துவிட்டதுதான் அவான்ட்-கார்ட் ஜாஸ். ஆர்னெட் கோல்மன் 1960-ல் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் இதில் முக்கியமானது.

சரி, எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் கேட்பவருக்குப் பிடிமானம் வேண்டாமா? அங்கேதான் தாளம் வருகிறது. ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ குழுவின் 'தீம் டி யோயோ' (1970) நல்ல உதாரணம். ஃபங்க் தாளம் பிடித்து நிறுத்த, ஊதுகருவிகள் இஷ்டத்துக்குப் பறக்கும்.

ஏன் சொந்த லேபிள்?

இந்த இசை பெரிய அளவில் விற்காது என்று பல கம்பெனிகள் ஒதுங்கின. 'அப்போ நாமே போடுவோம்' என்று கலைஞர்கள் இறங்கினார்கள். ட்ரம்பெட் கலைஞர் சார்லஸ் டோலிவரும், பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் 1971-ல் நியூயார்க்கில் 'ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்' லேபிளைத் தொடங்கினார்கள். பதிவுச் செலவு கலைஞருடையது. ஆனால், மாஸ்டர் டேப்பின் உரிமையும் அவருக்கே! டெட்ராய்ட்டில் 'ட்ரைப்' லேபிளும் கலைஞர்கள் தொடங்கியதுதான். சன் ராவின் 'எல் சாட்டர்ன்' லேபிளில் சில தட்டுகளுக்குக் கையாலேயே உறை வரைந்தார்கள்.

பழைய தட்டுக்கு விலை ஏறினால் யாருக்கு லாபம்?

கையில் காசு குறைவு என்பதால் தட்டுகளும் குறைவாகவே அச்சாகின. பின்னாளில் அவை அரிய பொருளாகி, சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் பழைய தட்டு கைமாறும்போது, பொதுவாக வாசித்தவருக்கு ஒரு பைசா கூடப் போகாது.

முறையான தொகுப்பு வித்தியாசப்படுவது இங்கேதான். பாடலைச் சேர்க்க உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பணம் தர வேண்டும். மாஸ்டர் டேப் கலைஞர் கையிலேயே இருந்தால், பேரம் பேசுவதும் அவர்தான், பணம் பெறுவதும் அவர்தான். கையைக் கடித்த அன்றைய செலவு, பல வருடம் கழித்தும் வருமானம் தருகிறது.

வாங்கும் முன் பாருங்க

அனுமதி இல்லாத மறுபதிப்புகளும் சந்தையில் உலவுகின்றன. அதனால் பழைய ஜாஸ் வினைலைப் புதிதாக வாங்குபவர்கள், உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. யாரிடம் உரிமம் பெறப்பட்டது என்ற விவரம் இருந்தால், உங்கள் பணம் உரிமையாளரிடம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.